அவருக்குத் தாயார் உள்ளார்

நான் ராணுவத்தில் இருந்தவன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே என் கைகால்களைப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாகவே இருக்கும். நான் அங்கே மக்கள் தொடர்பு அதிகாரி. சண்டையைப் பற்றிப் பேசுவதற்கென்று ராணுவம் ஓர் அதிகாரியை வைத்திருக்கிறது; மற்றவர்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

வேலை பெரும்பாலும் ஒரு பக்கத் தாளில் அடங்கிவிடும். ஒரு வீரர் இறந்தால் அவரைப் பற்றி நாலு பத்தி எழுதிப் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் அனுப்ப வேண்டும். அந்த நாலு பத்திக்கு ஒரு வார்ப்பு உண்டு. முதல் பத்தியில் என்ன நடந்தது, எங்கே நடந்தது. இடத்தின் பெயரைச் சொல்லாமல் இடத்தைச் சொல்வதில்தான் திறமை. இரண்டாம் பத்தியில் பெயர், வயது, ஊர், மாவட்டம். மூன்றாவதில் அவர் துணிச்சலும் கடமையுணர்வும் மிக்கவர் என்று வரும். எல்லோருமே அப்படித்தான். சோம்பேறியாக இருந்து இறந்தவர் ஒருவரைக்கூட என் கோப்புகளில் காண முடியாது. நாலாம் பத்தி ஒரே ஒரு வரி: இறந்தவருக்கு யார் இருக்கிறார்கள் என்பது. 'அவருக்கு மனைவியும் ஒரு மகளும் உள்ளனர்.' 'அவருக்குப் பெற்றோர் உள்ளனர்.' வார்ப்பு பழகிவிட்டால் தேநீர் ஆறுவதற்குள் எழுதி முடித்துவிடலாம். நான் முடித்திருக்கிறேன்.

இதில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குத் தகவல் போய்ச் சேர்ந்தது உறுதியாகும்வரை பெயரை வெளியிடக் கூடாது. தொலைக்காட்சிக்காரர்கள் தொலைபேசியில் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், பழைய நட்பைச் சொல்லிக் காட்டுவார்கள். நான் அசைந்ததில்லை. 'விவரங்கள் உறுதி செய்யப்பட்டு வருகின்றன' என்பேன். என் வாழ்நாளில் நான் மிக அதிகமாகச் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். பெற்றவளோ கட்டினவளோ செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி என் கையால் ஒருபோதும் நடக்கவில்லை என்ற பெருமையோடுதான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார விழாவில் அதை ஒரு வரியாகச் சொல்லவும் செய்தேன். கைதட்டினார்கள்.

ஓய்வுக்குப் பிறகு திருவண்ணாமலைக்கு வந்தோம். நான் இந்த மாவட்டத்துக்காரன்தான். மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை விதைத்த குடும்பம். ஆனால் வீட்டைத் தேர்ந்தெடுத்தவள் என் மனைவி. சமையலறை ஜன்னலில் மலை தெரிகிறது என்பது அவள் சொன்ன காரணம். அந்த ஜன்னலில் இரண்டு தீபம் பார்த்தாள். மூன்றாவது தீபத்தை நான் தனியாகப் பார்த்தேன்.

அதன்பிறகு எனக்குக் கிடைத்த வேலை மனு எழுதுவது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னாள் படைவீரர்கள் நாலைந்து பேர் என் வராந்தாவில் உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் காகிதம் எந்த மேஜைக்குப் போக வேண்டும், எந்த இணைப்பு இல்லாவிட்டால் எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் ஓய்வு பெற்றது லெப்டினன்ட் கர்னலாக. ஊர் என்னை மேஜர் ஆக்கிவிட்டது. ராணுவத்தில் ஒருவரைப் பதவியிறக்க விசாரணை வேண்டும், சாட்சி வேண்டும். இங்கே பால்காரர் ஒருவரே போதும்.

அந்தப் பெண் வந்தது வைகாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாற்பதை நெருங்கும் வயது. கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருப்பதாகச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு பையிலிருந்து லேமினேட் செய்த ஒரு செய்தித்தாள் துண்டை எடுத்து என் மேஜைமேல் வைத்தார்.

முதல் வரியைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. 'எல்லையோர மலைப்பகுதியில் பெய்த கனமழையால் பாதை சரிந்து' என்று தொடங்கியது. இடத்தின் பெயரைச் சொல்லாமல் இடத்தைச் சொல்லியிருந்தது. நாலு பத்தி. பத்திரிகை ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. நான் எழுதுவதை அவர்கள் மாற்றவே மாட்டார்கள் என்பது அந்தக் காலத்தில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

கடைசி வரி 'அவருக்குத் தாயார் உள்ளார்' என்றிருந்தது. அதில் 'தாயார்' என்ற சொல்லுக்கு மேலே நீல நிறப் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு சிறு கூரைக்குறி போட்டு, 'மனைவியும்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகுதான் லேமினேட் செய்திருக்கிறார்கள். பதினாலு வருடத்தில் காகிதம் பழுத்துவிட்டது, மை மட்டும் பழுக்கவில்லை.

யார் எழுதியது என்று கேட்டேன். தான்தான் என்றார். அச்சடித்த அறிக்கையில் திருத்தம் செய்தால், வெளியிட்டவர் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும், அது இல்லாத திருத்தம் செல்லாது என்று சொன்னேன். பழக்கதோஷம். மற்றவர்களாக இருந்தால் சிரித்திருப்பார்கள்.

அவர் சிரிக்கவில்லை. "அப்ப இத யாரு வெளியிட்டாங்களோ அவங்கள கண்டுபுடிக்கணுமா சார்?" என்று கேட்டார்.

அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம், முதலில் என்ன வேண்டும் என்று சொல்லுங்கள் என்றேன்.

அவருக்குக் கொடி வேண்டும். கணவனுடைய பெட்டியைப் போர்த்தி வந்த தேசியக் கொடி. அடக்கத்துக்கு முன் அதை மடித்து நெருங்கிய உறவினரிடம் கொடுப்பது முறை. கணவனின் ஊரான அடி அண்ணாமலையில் அன்றைக்கு அதை மாமியார் கையில் கொடுத்தார்கள். இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பென்ஷன், வேலை எல்லாம் பிற்பாடு ஒவ்வொன்றாக இவர் பெயருக்கு வந்து சேர்ந்துவிட்டன. கொடி மட்டும் வரவில்லை. வாங்கித் தர விதி ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்க வந்திருந்தார்.

மாமியாரிடமே கேட்கலாமே என்றேன். அந்த அம்மாவோடு பேசிப் பதினாலு வருடம் ஆகிறது என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

கல்யாணம் வைகாசியில் நடந்திருக்கிறது. லீவு முடிந்து கணவன் எல்லைக்குப் போய்விட்டான். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைக் கீழ்பென்னாத்தூரில் உள்ள பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். புருஷன் ஊரிலேயே இல்லாதபோது எதற்கு ஆடிக்கு அழைக்கிறீர்கள் என்று இவர் கேலி செய்தாராம். முறையென்றால் முறைதான் என்று அப்பா சொன்னாராம். ஒரு சாயங்காலம் பக்கத்து மளிகைக் கடையில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. கணவனின் பெயர் வந்தது. ஊர் பெயரும் வந்தது. கடைக்காரர் ஓடிவந்து அப்பாவை அழைத்தார். எல்லையில் போன் எடுக்கவில்லை; அது எப்போதும் எடுக்காது. மாமியார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் போனையும் யாரும் எடுக்கவில்லை.

அப்போது செய்தியில் கடைசி வரியைப் படித்தார்கள். அவருக்குத் தாயார் உள்ளார்.

"அதக் கேட்டதும் எங்கப்பா உக்காந்துட்டாரு சார். அப்புறம் எழுந்து சொன்னாரு, நம்ம மாப்பிள்ளையா இருந்தா சம்சாரம்னு போட்டிருப்பான், இது வேற யாரோ, அதே பேர்ல அந்தப் பக்கம் ரெண்டு பசங்க மிலிட்டரில இருக்காங்கனாரு. கடைக்காரரும் ஆமானாரு. எங்கப்பா நேரா மாரியம்மன் கோயிலுக்குப் போயி தேங்கா ஒடச்சாரு. எனக்குக் குங்குமம் கொண்டாந்து வச்சாரு."

குங்குமம் வைத்து ஒரு மணி நேரத்துக்கெல்லாம் அடி அண்ணாமலையிலிருந்து மாமியாரின் அண்ணன் மகன் பைக்கில் வந்து சேர்ந்தார்.

இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார். பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். பிறகு மாமியார் பற்றிச் சொன்னார். வந்த அதிகாரிகளிடம், பத்திரிகைக்காரர்களிடம், அந்த அம்மாதான் தான் ஒருத்தி மட்டுமே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் பேப்பரில் அப்படி எப்படி வரும்? இரண்டு மாதம்கூட ஆகாத மருமகள், வந்த ராசி சரியில்லை என்று கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார். இவருடைய நம்பிக்கை அது. பதினாலு வருடமாக அதற்கு ஆதாரம் அந்த லேமினேட் துண்டு.

"கொடி துணிதான் சார். தெரியும். ஆனா அது எங்கிட்ட இருந்தா, நானும் ஒரு ஆளு இருந்தேன்னு ஆவும்" என்றார்.

இனி என் பக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று நான் சென்னை அலுவலகத்தில் இருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். அந்த வீரரின் படைப்பிரிவிலிருந்து ஓர் இளம் அதிகாரி தொலைபேசியில் விவரம் சொன்னார். வடநாட்டுக்காரர். அடி அண்ணாமலை என்பதை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பாதி வருவதற்குள் நான் எழுதி முடித்துவிட்டேன். நம்ம ஊர் என்று ஒரு கணம் தோன்றியது. நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டேன். தாயார், தகவல் போய்விட்டது என்றார். நான் அதற்கான கட்டத்தில் டிக் அடித்தேன்.

அவர் போனை வைக்கவில்லை. கொஞ்சம் தயங்கி, கூட இருந்த பையன்கள் ஒன்று சொல்கிறார்கள், போன லீவில் அவனுக்குக் கல்யாணம் ஆனதாம், ஆனால் காகிதம் இன்னும் ஏறவில்லை என்றார்.

ராணுவத்தில் ஒரு சிப்பாய்க்குத் தாலி கட்டும்போது கல்யாணம் ஆவதில்லை. கல்யாணம் நடந்ததாக உத்தரவு வெளியாகிப் பதிவேட்டில் ஏறும்போதுதான் ஆகிறது. அதற்கு விண்ணப்பம் வேண்டும், தம்பதி சேர்ந்து எடுத்த புகைப்படம் வேண்டும், புகைப்படத்தின்மேல் கிராம நிர்வாக அலுவலரின் முத்திரை வேண்டும். அந்தப் பையன் எல்லாவற்றையும் அனுப்பியிருக்கிறான். முத்திரை புகைப்படத்தின் மேல் விழாமல் பக்கத்தில் விழுந்திருந்ததால் காகிதம் திரும்பி வந்திருக்கிறது. சரி செய்து மறுபடி அனுப்பியது வழியில் இருந்தது.

பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தாயார் என்றார். அப்படியானால் தாயார் என்றேன்.

அவ்வளவுதான் உரையாடல். இதில் விதிமீறல் எதுவும் இல்லை. எந்த விசாரணைக் குழு வந்தாலும் என்னைப் பாராட்டிவிட்டுத்தான் போகும். பதிவேட்டில் இல்லாத மனைவியை நான் அறிக்கையில் எழுதியிருந்தால்தான் விளக்கம் கேட்டிருப்பார்கள்.

ஆனால் சுவரில் காலண்டர் இருந்தது. ஆடி மாதம் என்று எனக்குத் தெரியும். புதுப்பெண் ஆடியில் எங்கே இருப்பாள் என்பதும் தெரியும். என் அக்காவை அப்படித்தான் அழைத்து வந்தோம். நான்தான் பெட்டியைத் தூக்கி வந்தேன். தாய்க்குச் சொன்னது மனைவிக்குச் சொன்னதாக ஆகாது என்பது அந்த வடநாட்டு அதிகாரிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால், ஒரு இரண்டு மணி நேரம் தாளைக் கையில் வைத்திருந்தால் போதும். தொலைக்காட்சிக்காரர்கள் நாலாவது முறையாக அழைத்துக்கொண்டிருந்தார்கள். டிக் அடித்தாகிவிட்டது. அனுப்பிவிட்டேன்.

இதில் எதையும் அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லவில்லை. மாமியாரிடம் பேசிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். அந்த அம்மா தனியாக இருந்தார். வீட்டு வாசலில் ஒரு மேஜை. பௌர்ணமி நாட்களில் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோரும் தண்ணீர் பாட்டிலும் விற்பதற்கு. மற்ற நாட்களில் அதன்மேல் ஆடு ஏறி நிற்கும். மருமகள் சார்பாக வந்திருக்கிறேன் என்றேன்.

"அவ சார்பா வர நீங்க யாருங்க, வக்கீலா?"

"இல்லம்மா. மனு எழுதிக் குடுக்கறவன்."

"வக்கீல்னா சரி, பொழப்பு. நீங்க இன்னாத்துக்கு இந்த வெயில்ல வந்தீங்க?" என்று சொல்லிவிட்டு மோர் கொண்டுவந்து வைத்தார்.

கொடியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுந்து உள்ளே போனார். நான் மறுப்பு என்று நினைத்துக் கிளம்பத் தயாரானேன். ஒரு தலையணை உறையோடு வந்தார். அதற்குள் கொடி இருந்தது, அன்று மடித்துக் கொடுத்த மடிப்பு கலையாமல், அந்துருண்டை வாசனையோடு. பதினாலு வருடத்தில் ஒருமுறைகூடப் பிரிக்கவில்லை, பிரித்தால் அதேபோல் மடிக்கத் தெரியாது என்றார்.

"அன்னிக்கு ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு கையில பேப்பரு. நான் விழுந்துட்டேன். எழுந்ததும் மொதல்ல அதான் சொன்னேன், மருமவ அவங்கம்மா வூட்ல கீறா, ஆடிக்கு இட்டுனு போயிருக்காங்க, அவளாண்ட போயி சொல்லுங்கனு. குறிச்சிக்கிறோம்மானாங்க. அவங்க சொல்லிடுவாங்கனு நான் இருந்துட்டேன். என்னாண்ட ஏது போனு."

நான் மோரைக் குடித்தேன்.

"நான் ஒருத்திதான் கீறேன்னு நான் யாராண்டயும் சொல்லல. அவ வந்தா. சாவு வூட்ல, அத்தினி பேரு முன்னால, ஏன் அப்படி சொன்னீங்கனு கேட்டா. எம்புள்ள பொட்டிக்குள்ள கீறான். நான் இன்னா பதில் சொல்றது? சொன்னா மட்டும் நம்புவாளா, பேப்பர்ல போட்டிருக்குதே."

தலையணை உறையின் வாயை மடித்து மூடினார். பிறகு, கொடியை உங்களிடம் தர மாட்டேன், அவளை வரச் சொல்லுங்கள், என் கையால் கொடுக்கிறேன் என்றார். "கடுதாசிலாம் வாணாம். நீங்க வாயால சொல்லுங்க. நான் அப்படி சொல்லலனு சொல்லுங்க. நான் போறதுக்குள்ள வந்துட்டு போவச் சொல்லுங்க."

அறிக்கையை எழுதியவன் நான்தான் என்று அவரிடமும் சொல்லவில்லை. ஆட்டைத் தாண்டி வெளியே வந்தேன்.

சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். உங்கள் மாமியார் அப்படிச் சொல்லவில்லை. அப்படி எழுதியவன் நான். முதல் வாக்கியத்தை மட்டும் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். ஆனால் அந்தப் பெண் அடுத்த கேள்வி கேட்பார்: அப்படியானால் யார்? பதிவேடு என்று சொல்லலாம். பதிவேட்டுக்கு ஒரு வசதி உண்டு, அதன் முகத்தை யாரும் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்பும்போது, என் மேஜையில் கலைந்து கிடந்த காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். மூன்று வருடமாக என் வீட்டில் யாரும் எதையும் அடுக்கவில்லை. அதுவும் காரணம். அதுதான் காரணம் என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்த ஞாயிறு அவர் வந்து என்ன ஆயிற்று என்று கேட்டார். பேசிக்கொண்டிருக்கிறேன், உறுதியானதும் சொல்கிறேன் என்றேன். வாக்கியம் தானாக வந்தது. நாற்பது தொலைக்காட்சிக்காரர்களுக்கு அதே குரலில் சொன்ன வாக்கியம்.

வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் யாரிடம் சொன்னது, வருத்தம். எழுதி முடித்துப் பார்த்தால் என்னை மீறி அதுவும் நாலு பத்தியாக வந்திருந்தது. மூன்றாம் பத்தியில் நான் கடமை தவறாதவன் என்பது மறைமுகமாக இருந்தது. கிழித்தேன். மறுபடி எழுதினேன். அதற்குள் இன்னொரு ஞாயிறு வந்தது. பௌர்ணமி நெருங்குகிறது, பாதை முழுக்கக் கூட்டம், அந்த அம்மாவுக்கு வியாபார நாள், அது கழியட்டும் என்றேன். அவர் சரி சார் என்று காகிதங்களை அடுக்கிவிட்டுப் போனார். மூன்றாவது ஞாயிறு, நான் அவகாசம் கேட்காமலே, அவசரம் ஒன்றும் இல்லை சார் என்றார். மேஜை இழுப்பறையில் அப்போது ஏழாவது வரைவு இருந்தது. அதற்கு முந்தைய ஆறையும்விட அது நன்றாக வந்திருந்தது.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"சார், அத்த போயிட்டாங்க" என்றார் அந்தப் பெண்.

அதுவரை அவர் 'அந்தம்மா' என்றுதான் சொல்லி வந்தார்.

அடி அண்ணாமலைக்கு நான் போனபோது பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அண்ணன் மகன்தான் முன்னால் நின்று எல்லாம் செய்துகொண்டிருந்தார். அன்று பைக்கில் கீழ்பென்னாத்தூருக்குப் போனவர் அவர்தான். இப்போது தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் அருகில் வந்து, நீங்கள் வந்துபோனதை அத்தை சொன்னார்கள் என்றார். எனக்கு ஏதாவது ஆனால் முதல் போன் மருமகளுக்குத்தான் போக வேண்டும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் அப்புறம் என்று போன வாரம் சொல்லி வைத்திருந்தாராம். "மொத போனு அதுக்குத்தாங்க அடிச்சேன். டாக்டருக்குக்கூட அப்புறம்தான்" என்றார். தான் ஏதோ கடனைத் தீர்த்துவிட்டவர் போல அதைச் சொன்னார்.

மருமகள் உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தார்.

பாடையில் எடுத்து வைக்கும் நேரத்தில் யாரோ உள்ளிருந்து தலையணை உறையைக் கொண்டுவந்தார்கள். மகனுடைய கொடி, அதைப் போர்த்தித்தான் அனுப்ப வேண்டும் என்று பெண்கள் சொன்னார்கள். அண்ணன் மகன் உதறி விரித்தார். பதினாலு வருட மடிப்பு கோடுகோடாக இருந்தது. போர்த்திவிட்டு, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மிலிட்டரிக்காரர், அவர் சொன்னால் சரி.

நான் விதியைச் சொன்னேன். தேசியக் கொடி அரசு மரியாதைக்கும் படை மரியாதைக்கும் மட்டும்தான் உடல்மேல் போர்த்தலாம். எப்படி இருந்தாலும் அது தீக்குள் போகக் கூடாது.

"அவங்க புள்ள கொடிங்க சார் அது" என்றார் அண்ணன் மகன்.

தெரியும் என்றேன். எடுத்துவிடுங்கள், இது மருமகளுக்குச் சேர வேண்டியது, அத்தையே என்னிடம் அப்படிச் சொன்னார்கள் என்றேன். முறுமுறுத்தார்கள். ஆனால் எடுத்துவிட்டார்கள். நானும் அண்ணன் மகனும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மடித்தோம். காவியும் பச்சையும் உள்ளே போய், வெள்ளையில் சக்கரம் மட்டும் மேலே தெரியும்படி. அதை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார். நான் சொன்ன விதிகளில் அன்றைக்கு ஒன்றாவது அவருக்காக வேலை செய்தது. கொடுக்க வேண்டிய கை அந்தப் பாடையில் இருந்தது.

வாங்கிய பிறகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை உங்களிடம் சொன்னார்களா, எப்போது சொன்னார்கள் என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருந்தது. பறைச்சத்தத்தில் அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒரு மஞ்சள் பையில் மல்லாட்டை கொண்டுவந்திருந்தார், நன்றிக்காக. மற்றவர்கள் போகட்டும் என்று இந்த முறை காத்திருக்கவில்லை. இரண்டு முன்னாள் ஹவில்தார்கள் உட்கார்ந்திருக்கும்போதே, அன்று கேட்காத கேள்வியைக் கேட்டார். அவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாவது வரைவு இழுப்பறையிலேயே இருந்தது. மாமியார் சொன்னது, அதிகாரிகள் குறித்துக்கொள்வதாகச் சொன்னது, தொலைபேசி, காகிதம், டிக், காலண்டர், என் அக்கா. வாயால் சொன்னபோது அது பத்தியாக வரவில்லை. முன்னும் பின்னுமாக வந்தது.

"நீங்கதான் எழுதுனீங்களா?"

"ஆமா."

"எனக்குக் கல்யாணம் ஆனது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"எழுதறதுக்கு முன்னாடி."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. மல்லாட்டைப் பையின் காதைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் மூணு ஞாயித்துக்கெழம இங்க உக்காந்திருந்தேன் சார்" என்றார். "இங்கேர்ந்து அத்த வூட்டுக்கு ஷேர் ஆட்டோல எவ்ளோ நேரம் ஆவும்?"

கால் மணி நேரம்கூட ஆகாது.

பிறகு அவர் கைப்பையைத் திறந்து அந்த லேமினேட் துண்டை எடுத்து, மேஜைமேல் என் பக்கம் திருப்பி வைத்தார். நீலப் பேனாவால் எழுதிய 'மனைவியும்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"வெளியிட்டவங்க சின்னக் கையெழுத்து போடணும்னு சொன்னீங்க இல்ல. போடுங்க."

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தேன். பிளாஸ்டிக்கின் மேல் அது வழுக்கியது. அழுத்தினேன். மை இறங்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஜெல் பேனா எடுத்துப் போட்டுப் பார்த்தேன். எழுத்து மணிமணியாகத் திரண்டு, கை பட்டதும் இழுபட்டுப் போனது. கைக்குட்டையால் துடைத்துவிட்டு மறுபடி முதல் பேனாவாலேயே, பலமாக அழுத்திப் போட்டேன். அறிக்கைகளின் அடியில் போட்டுப் போட்டுக் கைக்குப் பழகிய அதே இரண்டெழுத்து. நிறமில்லாமல் ஒரு கீறல் மட்டும் விழுந்தது.

அவர் அதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். ஒரு கோணத்தில் தெரிந்தது. கொஞ்சம் திருப்பினால் தெரியவில்லை.

"இது செல்லுமா சார்?"

எனக்கு எல்லா விதியும் தெரியும்.

"செல்லாது" என்றேன்.

தலையை ஆட்டினார். துண்டைக் கைப்பைக்குள் வைத்தார். எழுந்து, வழக்கம்போல என் மேஜைமேல் கிடந்த காகிதங்களின் பக்கம் கையை நீட்டினார். பாதியிலேயே கையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.